லாபிப் பணமா, சந்திப்புப் பதிவா: பருவநிலை உதவி ஆய்வேட்டுக்கு எந்தத் தரவை எடுப்பது?

சிங்கப்பூரில் அரசியல் அறிவியல் படிக்கும் ஒருவர் ஆகஸ்டில் தலைப்பை உறுதிசெய்து, அடுத்த ஏப்ரலுக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கேள்வி இது: பணக்கார நாடுகள் தரும் பருவநிலை உதவி யாருக்கு, எந்த வடிவில் போகிறது என்பதை, கொடுக்கும் நாட்டிலேயே இருக்கும் நிறுவனங்களும் தொண்டமைப்புகளும் செய்யும் லாபி (அரசின் முடிவைத் தமக்குச் சாதகமாக்க அதிகாரிகளிடம் வலியுறுத்துவது) மாற்றுகிறதா?

கேள்விக்கு எடை உண்டு. ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் என்று 2009ல் கோப்பன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் தந்த வாக்குறுதி, அந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி 2022ல்தான் நிறைவேறியது. அந்த ஆண்டின் தொகை 115.9 பில்லியன். 2024ல் பாக்கு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 300 பில்லியன் என்று புதிய இலக்கு வைத்தார்கள். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்பது நம் வழக்கம். ஆனால் நக்கினான் என்று காட்ட ஆதாரம் வேண்டுமே. அந்த ஆதாரத்தை எங்கே தேடுவது என்பதுதான் இங்கே முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் லாபிச் செலவு அறிக்கைகள் ஒன்று. கனடாவின் சந்திப்புப் பதிவேடு இரண்டாவது. ஐநா பருவநிலை மாநாடுகளின் பங்கேற்பாளர் பட்டியல் மூன்றாவது. இந்தோனீசியாவின் நிலக்கரி மாற்றத் திட்டம் போன்ற ஒரே ஒரு நிகழ்வை ஆவணங்கள், நேர்காணல்கள் வழியாகத் தோண்டுவது நான்காவது. பெரும்பாலானோர் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள். அதில் டாலர் தொகை இருக்கிறது, ரிக்ரஷனில் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் புள்ளியியல் முறை) போட எண் இருக்கிறது. எட்டு மாத ஆய்வேட்டுக்கு அது தவறான தேர்வு. எண் இருப்பதும் அந்த எண் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதும் ஒன்றல்ல.

முதலில் உதவிப் பக்கத்துக் கணக்கு

எந்த வழியை எடுத்தாலும் உதவி பற்றிய தரவு பெரும்பாலும் ஓரிடத்திலிருந்துதான் வரும்: ஓஇசிடியின் சிஆர்எஸ் என்னும் திட்டவாரிக் கணக்கு. ஒவ்வொரு வரியும் ஒரு திட்டம். கொடுத்த நாடு, பெற்ற நாடு, ஒப்புக்கொண்ட தொகை, வழங்கிய தொகை, மானியமா கடனா, யார் வழியாகச் செயல்படுத்தப்பட்டது, தலைப்பு, விவரிப்பு எல்லாம் இருக்கும். கூடவே ரியோ குறியீடுகள்: பருவநிலை முதன்மை நோக்கம் என்றால் 2, நோக்கங்களில் ஒன்று என்றால் 1, நோக்கமே இல்லை என்றால் 0. தணிப்புக்கான (உமிழ்வைக் குறைப்பது) குறியீடு 1998 முதல் இருக்கிறது. தகவமைப்புக்கானது (பருவநிலை மாற்றத்தின் பாதிப்பைச் சமாளிப்பது) 2010 ஆண்டுத் தரவிலிருந்துதான் வருகிறது. ஆகவே 2005 முதல் 2020 வரை இரண்டையும் கூட்டி ஒரே கோடு வரைந்தால், 2010ல் தெரியும் ஏற்றத்தில் ஒரு பகுதி புதுக் குறியீடு பிறந்ததன் விளைவு.

இங்கே முதல் பொறி. வெற்றிடமும் சுழியமும் வேறு வேறு. வெற்றிடம் என்றால் அந்தத் திட்டத்தை யாரும் சரிபார்க்கவில்லை. சுழியம் என்றால் பார்த்து, பருவநிலை நோக்கம் இல்லை என்று முடிவு செய்தார்கள். எக்செலிலோ பைத்தானிலோ கோப்பைத் திறந்ததும் வெற்றிடங்களை எல்லாம் 0 ஆக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால், சோம்பேறித்தனமாகக் குறியிட்ட நாடு பருவநிலையில் அக்கறையற்ற நாடாகத் தெரியும்.

இரண்டாவது பொறி தொகை. 1 என்று குறியிட்ட 10 மில்லியன் டாலர் திட்டத்தை ஐநாவுக்குக் கணக்குக் கொடுக்கும்போது ஐரோப்பிய ஆணையம் 40 விழுக்காடாகவும், ஜெர்மனி 50 விழுக்காடாகவும், ஜப்பான் முழுதாகவும் எண்ணி வந்திருக்கின்றன. அதாவது 4 மில்லியன், 5 மில்லியன், 10 மில்லியன். ஒரே திட்டத்துக்கு மூன்று விடை! நாடுகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அவரவர் சொன்ன தொகையைத் தொடாதீர்கள். சிஆர்எஸ்ஸின் மூலத் தொகையை எடுத்து எல்லா நாட்டுக்கும் ஒரே விகிதத்தை வைத்து, பிறகு 2 மட்டும், 1ம் 2ம் சேர்த்து என்று இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். முடிவு தலைகீழானால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

மூன்றாவது, குறியீடே பொய் சொல்லும். கத்தரீனா மிக்கேலோவாவும் ஆக்செல் மிக்கேலோவாவும் 2011ல் வெளியிட்ட ஆய்வு, திட்ட விவரிப்புகளைக் குறியீடுகளோடு ஒப்பிட்டு, பருவநிலையோடு தொடர்பில்லாத பல திட்டங்கள் அந்தப் பெயரில் எண்ணப்படுவதைக் காட்டியது. மிகைப்படுத்தலுக்கும் உள்நாட்டு அரசியலுக்கும் தொடர்பிருக்கிறது என்பதும் அந்த ஆய்வின் வாதம். ஐநாவுக்குத் தந்த கணக்குகளில் ஹைத்தியில் ஒரு ஹோட்டலும், ஆசியாவில் சாக்லேட் கடைகளும், வங்கதேசத்தில் நிலக்கரி மின்னிலையமும் இருந்ததை 2023ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. இதை வெறும் சத்தம் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம், லாபி செய்யும் துறைகளே தங்கள் திட்டங்களுக்குப் பச்சைச் சாயம் கேட்கக்கூடும் என்பதுதான். அப்போது அளவீட்டுப் பிழை உங்கள் விளக்க மாறியோடு, அதாவது லாபியோடு, ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஆயிரம் வரிகள் இருந்தாலும் அது சராசரியில் கரையாது.

பரிகாரம் எளிது, அலுப்பானது. குறியீடு பெற்ற திட்டங்களிலிருந்து குருட்டாம்போக்கில் 200 வரிகளை எடுத்து, விவரிப்பை மட்டும் படித்து, குறியீட்டு நெடுவரிசையை மறைத்துவிட்டு நீங்களே 0, 1, 2 போடுங்கள். நண்பர் ஒருவரும் தனியாகப் போடட்டும். இரண்டு பேருக்கும் பத்தில் எட்டு கூட ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் விதிகள் தெளிவாக இல்லை. ஒத்துப்போய், நாட்டின் குறியீட்டோடு மட்டும் மோதினால், எந்தத் துறையில் மோதுகிறது என்று பாருங்கள். இரண்டு வார வேலை. தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கு இதுவே பதில்.

இன்னொன்று, மொத்தத் தொகையைச் சார்பு மாறியாக, அதாவது விளக்கப்பட வேண்டிய அளவாக, வைக்க வேண்டாம். லாபி உதவியின் மொத்தத்தை உயர்த்துவதைவிட அதன் வடிவத்தை வளைப்பதே அதிகம். இதற்கு அமெரிக்க உணவு உதவி பழைய எடுத்துக்காட்டு. உணவு உதவியில் ஒரு பங்கை அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பலில்தான் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அந்தப் பங்கு 1985ல் 75 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, 2012ல் மறுபடி 50க்கு இறக்கப்பட்டது. விவசாய நிறுவனங்கள், கப்பல் நிறுவனங்கள், உணவை விநியோகித்த தொண்டமைப்புகள் மூன்றும் பல காலம் ஒரே பக்கம் நின்றன. பசித்தவருக்கு எவ்வளவு என்பதைவிட யார் கப்பலில் என்பதுதான் அங்கே சண்டை. பருவநிலை உதவியிலும் அப்படியே தேடுங்கள். கொடை நாட்டுப் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டப்பட்ட பங்கு எவ்வளவு, மானியத்துக்குப் பதில் கடன் எவ்வளவு, தொண்டமைப்பு வழியாகப் போனது எவ்வளவு என்பதெல்லாம் சிஆர்எஸ்ஸில் தனித்தனி நெடுவரிசைகள். ‘கட்டப்பட்டது’ என்பது காகித நிலை மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். கட்டில்லை என்று எழுதிவிட்டு, ஒப்பந்தப்புள்ளியைத் தன் மொழியில், தன் தரநிலையில் மட்டும் வெளியிட்டால் வெளிநாட்டு நிறுவனம் எப்படி வரும்?

அமெரிக்கா: டாலர் இருக்கிறது, பொருள் இல்லை

அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி பதிவு செய்தவர்கள், 2007 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தருகிறார்கள். செனட்டின் தளத்தில் எல்லாம் இலவசம். ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதி, மொத்தமாகப் பதிவிறக்கலாம். எம்ஐடியைச் சேர்ந்த இன் சாங் கிம் உருவாக்கிய லாபிவியூ தரவுத்தொகுப்பு, நிறுவனப் பெயர்களைச் சீர்செய்து மசோதாக்களோடு இணைத்தும் வைத்திருக்கிறது. இதைக் கொண்டு நல்ல ஆய்வுகளும் வந்திருக்கின்றன. 2000 முதல் 2016 வரை பருவநிலை பற்றிய லாபிக்கு 2 பில்லியன் டாலருக்கு மேல் செலவானது என்றும், எரிபொருள், மின்சாரம், போக்குவரத்து போன்ற துறைகளின் செலவு சுற்றுச்சூழல் அமைப்புகள், புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை ஆகியவற்றின் செலவைப்போல ஏறக்குறைய 10 மடங்கு என்றும் சமூகவியலாளர் ராபர்ட் புருல் 2018ல் கணக்கிட்டார்.

அவர் கேள்வி உள்நாட்டுப் பருவநிலைச் சட்டம் பற்றியது. உங்கள் கேள்வி வெளிநாட்டு உதவி பற்றியது. அங்கேதான் சிக்கல். அறிக்கையில் ஒரு காலாண்டுக்கு ஒரே மொத்தத் தொகை. அது அருகிலுள்ள 10,000 டாலருக்கு முழுமையாக்கப்பட்டிருக்கும். 5,000க்குக் கீழே என்றால் எண்ணே இராது, ஒரு கட்டத்தில் டிக் மட்டும். அந்த மொத்தம் எரிசக்தி, வரி, வர்த்தகம், வெளியுறவு என்று எத்தனை தலைப்புக்குப் பிரிந்தது என்பது எங்கும் இல்லை. ஏறக்குறைய 80 தலைப்புக் குறியீடுகள் உள்ளன. வெளிநாட்டு உதவிக்கெனத் தனியாக ஒன்று கிடையாது. ஆறு தலைப்பு இருந்தால் தொகையை ஆறால் வகுத்துவிடுவது பலர் செய்வது. அந்த எண்ணை உருவாக்கியவர் ஆய்வாளரே தவிர லாபி செய்தவர் அல்லர்.

இரட்டை எண்ணிக்கையும் உண்டு. ஒரு நிறுவனம் தன் செலவில் வெளி லாபி நிறுவனத்துக்குக் கொடுத்ததையும் சேர்த்துக் காட்டும். அதே பணத்தை அந்த வெளி நிறுவனம் வருமானமாகக் காட்டும். கூட்டினால் ஒரு டாலர் இரண்டாகும். மேலும் செலவைக் கணக்கிட மூன்று முறைகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இரண்டு வருமான வரிச் சட்டத்தின் வரையறையைப் பின்பற்றுவதால் மாநில அளவிலான லாபியும் உள்ளே வந்துவிடலாம். எந்த முறை என்று படிவத்தில் டிக் இருக்கும், பார்ப்பவர்கள்தான் குறைவு.

மசோதா எண்ணை வைத்துப் பிடிக்கலாம் என்று தோன்றும். 2009ல் கீழவையில் 219க்கு 212 என்று நிறைவேறிய எச்.ஆர். 2454, அதாவது வாக்ஸ்மன் மார்க்கி பருவநிலை மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளின் தகவமைப்புக்கும் காடழிப்புத் தடுப்புக்கும் பணம் ஒதுக்கும் பகுதிகள் அதில் இருந்தன. ஆனால் மசோதா 1,400 பக்கத்துக்கு மேல். உள்நாட்டு உமிழ்வு அனுமதிகளுக்காக லாபி செய்த மின் நிறுவனமும், வெளிநாட்டு உதவிக்காக லாபி செய்த தொண்டமைப்பும் படிவத்தில் ஒரே மசோதா எண்ணைத்தான் எழுதியிருக்கும். ‘குறிப்பிட்ட விவகாரங்கள்’ என்னும் கட்டத்தை ஒவ்வொன்றாக வாசித்துப் பிரிக்கலாம். நான்கு ஆண்டு முனைவர் பட்டத்துக்கு அது தகுந்த வேலை. எட்டு மாதத்துக்கு இல்லை. போதாததற்கு, உதவிப் பக்கமும் அண்மையில் உடைந்துபோனது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1ல் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளைச் சேர்த்தால் லாபியின் விளைவா, அமைப்பே மறைந்ததன் விளைவா என்று பிரிக்க முடியாது.

கனடா: பணம் இல்லை, ஆனால் யார் யாரைப் பார்த்தார் என்பது இருக்கிறது

கனடாவின் லாபிச் சட்டம் 2008 ஜூலை 2 முதல் நடைமுறையில் உள்ளது. லாபிக்குச் செலவான தொகையை அது கேட்பதில்லை. அதற்குப் பதில், அரசில் உயர் பொறுப்பில் இருப்பவரோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்து வாய்மொழியாகப் பேசிய ஒவ்வொரு முறையும், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதிய வேண்டும்: எந்தத் தேதி, எந்த அதிகாரி, அவர் பதவி, எந்தத் துறை, எந்தப் பொருள். பொருள் பட்டியலில் ‘பன்னாட்டு வளர்ச்சி’ என்று தனித் தலைப்பே இருக்கிறது. முழுத் தொகுப்பையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

நம் கேள்விக்கு இதுதான் நெருக்கமானது. லாபி என்பதே ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதுதானே. செலவு அதன் நிழல்.

இன்னொரு வசதியும் உண்டு. கனடா தன் பருவநிலை நிதியை 2021 ஜூனில் ஐந்து ஆண்டுக்கு 5.3 பில்லியன் கனடிய டாலர் என்று இரட்டிப்பாக்கியது. முந்திய உறுதிமொழி 2.65 பில்லியன். அறிவிப்புக்கு முன்பும் பின்பும் யார் கதவைத் தட்டினார்கள், புதிய பணம் வந்தபின் தட்டுபவர்கள் மாறினார்களா என்று மாதவாரியாகவே பார்க்கலாம். காலாண்டுத் தொகையில் இந்த நுணுக்கம் கிடைக்காது.

செய்முறை இப்படி. சந்திப்புப் பதிவில் பொருள் தலைப்பு மட்டும்தான் இருக்கும். ‘பருவநிலை’ என்ற சொல் பெரும்பாலும் பதிவுச் சான்றின் (லாபி செய்பவர் தம்மைப் பதிந்துகொள்ளும் ஆவணம்) விவரிப்பில்தான் வரும். ஆகவே இரண்டு கோப்புகளையும் பதிவு எண்ணால் இணையுங்கள். பிறகு விவரிப்பில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் சொல் தேடுங்கள். கியூபெக் அமைப்புகள் பிரெஞ்சில் எழுதுகின்றன, ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் அவை முழுதாக விழுந்துவிடும். அடுத்து, உதவித் திட்டங்களைச் செயல்படுத்தும் அமைப்பின் பெயரை சிஆர்எஸ்ஸின் செயல்வழி நெடுவரிசையிலிருந்து எடுத்து, லாபிப் பதிவோடு பொருத்துங்கள். அலகு: ஓர் அமைப்பு, ஓர் ஆண்டு. சார்பு மாறி: அந்த அமைப்பு வழியாகப் போன பருவநிலைக் குறியீடு பெற்ற தொகை. பல ஆண்டுகளில் அது சுழியமாகவே இருக்கும். அதனால் மடக்கை எடுத்துச் சாதாரண ரிக்ரஷன் ஓட்டாமல், சுழியங்களைத் தாங்கும் பாய்சான் வகை ரிக்ரஷனைப் பயன்படுத்துங்கள்.

தவறு எங்கே வரும்? நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் லாபி செய்தால், பதிவில் வருவது அதன் மூத்த அலுவலரின் பெயர்; கூட்டத்தில் உட்கார்ந்தவர் அவராக இல்லாமலும் இருக்கலாம். எனவே லாபி செய்தவர் யார் என்பதை வைத்து எதையும் கட்டாதீர்கள், சந்தித்த அதிகாரியை வைத்துக் கட்டுங்கள். மின்னஞ்சலும் கடிதமும் பதிவாகாது. அதிகாரியே அழைத்துக் கொள்கை பற்றிக் கருத்துக் கேட்டால் அதுவும் பதிவாகாது. மானியம், ஒப்பந்தம் பற்றி என்றால் பதிவாகும். இதனால் அரசோடு ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும் அமைப்பு, கூப்பிட்டுக் கேட்கப்படும் அமைப்பு, பதிவில் மெலிந்து தெரியும். உங்கள் மதிப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். துறைப் பெயரும் மாறியிருக்கிறது: பன்னாட்டு வளர்ச்சி முகமை 2013ல் வெளியுறவுத் துறையோடு இணைந்தது, 2015 முதல் குளோபல் அஃபேர்ஸ் கனடா என்ற பெயர். பழைய பெயர்களைச் சேர்க்காமல் வடிகட்டினால் தொடக்க ஆண்டுகள் மாயமாகும்.

பெரிய எதிர்வாதம் முந்தியது கோழியா முட்டையா என்பது. திட்டம் கையில் இருப்பதால் சந்திக்கிறார்களா, சந்தித்ததால் திட்டம் வந்ததா? அமைப்புவாரி நிலை விளைவுகள் (ஒவ்வோர் அமைப்பையும் வேறு ஆண்டுகளில் இருந்த அதனுடனேயே ஒப்பிடுவது) பாதியைத் தீர்க்கும். மீதிக்கு, முன்பு ஒரு தடவைகூட உதவிப் பணம் பெறாத அமைப்புகளை மட்டும் எடுத்து, முதல் சந்திப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகளில் என்ன ஆனது என்று பாருங்கள். பதிவுச் சான்றில் அந்த அமைப்பு அரசிடம் வாங்கிய பணத்தின் மூலமும் தொகையும் கேட்கப்படுவதால், யார் புதியவர் என்று பிரிப்பது கடினமில்லை. பொய்ச் சோதனை ஒன்றும் வையுங்கள்: அதே அமைப்பு சுகாதாரம் பற்றி மட்டும் நடத்திய சந்திப்புகளும் பருவநிலைப் பணத்தை அதே அளவு முன்னறிவித்தால், நீங்கள் அளப்பது லாபியை அல்ல, அமைப்பின் பருமனை.

ஒரே நாடு என்பதால் மற்ற கொடை நாடுகளுக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். கொடை நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினாலும் அவை முப்பது சொச்சம்தான். லாபியின் வலு என்ற மாறி நாட்டுக்கு ஒன்று என்றால் உங்கள் உண்மையான மாதிரி அளவும் முப்பது சொச்சம். வரிகள் லட்சக்கணக்கில் இருப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவே.

ஐரோப்பா பற்றி இரண்டு வரி போதும். ஒன்றியத்தின் பதிவேடு செலவை ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை என்று, சுயமாக அறிவித்ததை வைத்திருக்கிறது. ஜெர்மனியின் பதிவேடு 2022ல் தொடங்கி, 2024 முதல்தான் எந்தச் சட்டத்துக்காக என்பதையும் கருத்துரை ஆவணங்களையும் கேட்கிறது. சில ஆண்டுகள் சேர்ந்தபின் அருமையான சுரங்கமாகும், இப்போதைக்குத் தொடர் குட்டை. ஜப்பானில் இப்படியொரு பதிவேடே கிடையாது. ஆசியாவின் மிகப் பெரிய கொடை நாட்டைப் பற்றி இந்த முறையில் எழுத முடியாதது நமக்கு உண்மையான இழப்பு.

மாநாட்டுப் பட்டியல்: எண்ணத் தோன்றும், எண்ணினால் மாட்டும்

ஒவ்வொரு ஐநா பருவநிலை மாநாட்டுக்கும் பங்கேற்பாளர் பட்டியல் வருகிறது. புதைபடிவ எரிபொருள் லாபியினர் 2022ல் 636 பேர், 2023ல் 2,456 பேர், 2024ல் 1,773 பேர் என்று தன்னார்வக் கூட்டணி ஒன்று எண்ணி வெளியிட்டது. செய்தித்தாளுக்கு நல்ல எண்கள். ஆனால் 636லிருந்து 2,456 என்பதை லாபி நான்கு மடங்கானது என்று வாசிக்கக் கூடாது. 2023 துபாய் மாநாட்டிலிருந்து பதிவின்போது தம் சார்பு நிறுவனத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. முன்பு கண்ணுக்குத் தெரியாதவர்கள் தெரியத் தொடங்கினார்கள். மாநாடும் முந்தியதைவிட மிகப் பெரியது. அளவுகோல் மாறிய ஆண்டில் நீளத்தை ஒப்பிடுவது போல.

பெயர்ப் பொருத்தம் இன்னொரு தலைவலி. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே ஆள் ஒரு பட்டியலில் முதலெழுத்தோடு எஸ். கண்ணன், இன்னொன்றில் கண்ணன் சுப்பிரமணியம், மூன்றாவதில் தந்தை பெயரே குடும்பப் பெயராகித் திரு சுப்பிரமணியம். இந்தோனீசியருக்குச் சில சமயம் ஒரே பெயர், சீனருக்கு வரிசை மாறும். தானியங்கிப் பொருத்தம் தெற்காசிய, தென்கிழக்காசியப் பேராளர்களைத்தான் அதிகம் தவறவிடும். பிழை சீராகப் பரவாது. ஆளைப் பொருத்துவதை விட்டுவிட்டு நிறுவனத்தைப் பொருத்துவது நல்லது. தாய் நிறுவனம், கிளை நிறுவனம் அட்டவணை ஒன்றைக் கையால் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக வந்தாலும் பட்டியல் காட்டுவது வருகையை. நாட்டுக் குழுவின் அட்டை அணிந்து உள்ளே போனவர் நிதிப் பேச்சுவார்த்தை அறையில் இருந்தாரா, அரங்கில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாரா என்பது அதில் இல்லை. துணைச் சான்றாக ஒரு அத்தியாயத்துக்கு உதவும். ஆய்வேட்டின் முதுகெலும்பாக வைத்தால் முறியும்.

ஜகார்த்தா வழி

எண்களோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நல்ல நிகழ்வு கிடக்கிறது. இந்தோனீசியா நிலக்கரியிலிருந்து விலகப் பணக்கார நாடுகள் நிதி திரட்டும் கூட்டுத் திட்டம் அது. 2022 நவம்பரில் பாலியில் அறிவிக்கப்பட்ட இந்த 20 பில்லியன் டாலர் எரிசக்தி மாற்றக் கூட்டுத் திட்டத்தின் முதலீட்டுத் திட்டம் 2023 நவம்பரில் வெளியானது. தொழிற்சாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்கு நடத்தும் நிலக்கரி மின்னிலையங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. இந்தோனீசியாவின் நிக்கல் உருக்காலைகள் பெருமளவு நம்பியிருப்பது அவற்றைத்தான். 2022ஆம் ஆண்டின் 112ஆம் எண் அதிபர் ஆணையும் புதிய நிலக்கரி நிலையங்களைத் தடுக்கும்போது இப்படிப்பட்டவற்றுக்கு விலக்கு வைத்தது. அந்த விலக்கு யார் கேட்டு வந்தது? கேள்வி கூர்மையாக இருக்கிறது.

இது பெறும் நாட்டு லாபி பற்றிய கேள்வி, கொடை நாட்டைப் பற்றியதல்ல. தலைப்பை அதற்கேற்ப மாற்ற வேண்டும். முதலீட்டுத் திட்டத்தின் வரைவு 2023 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு விடப்பட்டு, அதே மாதம் இறுதி வடிவம் வந்தது. இரண்டையும் பத்தி பத்தியாக ஒப்பிட்டு, எது மாறியது என்று பட்டியலிட்ட பிறகே நேர்காணலுக்குப் போங்கள். ஒவ்வொரு விளக்கத்துக்கும் இரண்டு வகைச் சான்று எழுதிவைக்க வேண்டும்: இல்லாவிட்டால் அந்த விளக்கம் செத்துவிடும் சான்று, கிடைத்தால் அதுவே போதும் என்ற சான்று. தொழில் அமைப்பு கேட்டதால்தான் விலக்கு என்றால், விலக்குக்கு முன் தேதியிட்ட கோரிக்கையாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு விளக்கம் தேடுங்கள்: தரவே கிடைக்காததால் விட்டிருக்கலாம், அரசே தன் தொழில்கொள்கைக்காக விட்டிருக்கலாம். அமெரிக்கா 2025 மார்ச்சில் இந்தக் கூட்டிலிருந்து விலகியது; அதற்குப் பிறகு பேசுபவர்கள் பழியை அந்தப் பக்கம் தள்ளுவது இயல்பு. 2023 பற்றிய நினைவுகளை அன்றைய ஆவணத்தோடு வைத்துத்தான் நம்ப வேண்டும்.

பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதலுக்குப் பல வாரங்கள் பிடிக்கும். செப்டம்பரில் விண்ணப்பிக்காவிட்டால் டிசம்பர் விடுமுறையில் ஜகார்த்தா போக முடியாது. ‘மூத்த எரிசக்தி அதிகாரி’ என்று எழுதுவது அடையாளத்தை மறைக்காது, அந்த வட்டத்தில் அப்படி நாலு பேர்தான் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நேர்காணலுக்கு முப்பது பேருக்காவது எழுத வேண்டிவரும். பாஷா இந்தோனீசியா வாசிக்கத் தெரியாதவர், அல்லது தெரிந்த நண்பர் இல்லாதவர், இந்த வழிக்கு வர வேண்டாம். மலாய் தெரிந்தால் ஆணைகளை ஓரளவு சமாளிக்கலாம்.

சிங்கப்பூரையே எடுத்தால் என்ன?

ஆசைதான். சிங்கப்பூர் ஓஇசிடியின் கொடை நாடுகள் குழுவில் இல்லை. 1992 முதல் நடக்கும் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம் பயிற்சி வடிவிலான உதவி. ரியோ குறியீட்டோடு திட்டவாரிக் கணக்கு அதற்குக் கிடையாது. ஆசியாவின் மாற்றத்துக்கு நிதி திரட்டும் ஃபாஸ்ட்பி கூட்டுக்கு 2024ல் 500 மில்லியன் அமெரிக்க டாலர் வரை உறுதியளித்திருப்பது புதிய விஷயம், ஆனால் ஒரு திட்டத்தை வைத்து ரிக்ரஷன் ஓட்ட முடியாது. லாபிப் பதிவேட்டுச் சட்டமும் இங்கே இல்லை, தகவல் அறியும் சட்டமும் இல்லை. வர்த்தகச் சங்கங்கள் கரிம வரி போன்ற உள்நாட்டு விஷயங்கள் பற்றி அமைச்சுகளோடு கலந்துபேசுவது நடக்கிறது. நாடாளுமன்ற அறிக்கையிலும் சங்கங்களின் சொந்த வெளியீடுகளிலும் அதன் சுவடு தெரியும். அதை வைத்து எழுதலாம், ஆனால் அது கரிம வரி பற்றிய ஆய்வேடாகத்தான் முடியும்.

எண்ணிக்கை முறையில் பழக்கம் உள்ளவர் கனடாவை எடுக்கட்டும். மலாயோ இந்தோனீசியமோ தெரிந்து, மனிதர்களிடம் பேசத் தயங்காதவர் ஜகார்த்தாவை எடுக்கட்டும். அமெரிக்கத் தரவை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மேற்பார்வையாளர் ‘டாலர் எங்கே’ என்று கேட்டால், மேலே சொன்ன வகுத்தல் கணக்கை ஒரு நிறுவனத்துக்குப் போட்டுக் காட்டுங்கள், பெரும்பாலும் அதோடு முடியும்.

கனடா வழிக்கு நேரப் பிரிப்பு: ஆகஸ்டில் இரண்டு கோப்புகளையும் இறக்கி இணைப்பது. செப்டம்பரில் 200 வரிகளைக் கையால் குறியிடுவது. அக்டோபர், நவம்பர் முழுக்கப் பெயர்ப் பொருத்தம்; இதற்கு மூன்று வாரம் என்று எழுதியவர்களுக்கு எட்டு வாரம் ஆகும். டிசம்பரில் முதல் அட்டவணைகள். ஜனவரியில் பொய்ச் சோதனைகள். பிப்ரவரி, மார்ச் எழுத்து. பொருத்தம் நவம்பர் இறுதியில் பாதியில் நின்றால், தொகை அதிகமான 100 அமைப்புகளோடு நிறுத்திவிட்டு, எத்தனை விழுக்காடு பணம் அதில் அடங்குகிறது என்று சொல்லிவிடுங்கள்.

கோப்பு இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, மூலப் பிரதியைத் தொடாமல் தனியே வையுங்கள். சிஆர்எஸ்ஸில் பழைய ஆண்டுகளும் பின்னால் திருத்தப்படும். விரிவான தரவு ஏறக்குறைய ஓராண்டு தாமதமாக, ஆண்டுக் கடைசியை ஒட்டித்தான் வரும். ஆகஸ்டில் இறக்கிய 2021க்கும் ஜனவரியில் மறுபடி இறக்கிய 2021க்கும் கூட்டுத்தொகை மாறினால் நிரலில் பிழை தேடி ஒரு வாரம் போகும்.